இரும்புச் சொப்புகளும் சேகரிப்புக் கலையும்

முன்னுரை

இரும்பு என்றவுடன் வாளும் வேலும் ஏரும் தண்டவாளமும் நம் நினைவிற்கு வருகின்றன. அடுப்பின் மேல் அன்றாடம் ஏறி இறங்கும் தோசைக்கல்லும் வடைச்சட்டியும் தாளிப்புக் கரண்டியும் நினைவிற்கு வருவதில்லை. அவற்றின் அமைப்பைச் சிறு வடிவில் கொண்டு, சிறுமியர் கையில் விளையாட்டுப் பொருளாக விளங்கிய இரும்புச் சொப்புகளையோ அறவே மறந்துவிட்டோம்.

திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்திற்கு ‘அல்ஹதீத்’ என்பது பெயர். இரும்பு என்பது அதன் பொருள். இரும்பில் கடும் ஆற்றலும் மக்களுக்குப் பல பயன்களும் உள்ளன என்னும் கருத்து அதன் 25ஆம் வசனத்தில் இடம்பெறுகிறது. ஆற்றலுக்கு வாள் சான்று என்றால், பயனுக்குச் சட்டியே சான்றாகும். எனினும் வாளைப் போற்றிப் பாதுகாத்த உலகம் சட்டியைத் தேயும் வரை பயன்படுத்திப் பின் எடைக்குப் போட்டுவிட்டது. இக்குறையை ஓரளவு நீக்கும் முயற்சியே பழைய இரும்புச் சிறுகலன்களைச் சேகரிக்கும் கலையாகும். அக்கலையின் இயல்பையும், அதற்கும் எடப்பாடியைச் சூழ்ந்த நம் வட்டாரத்திற்கும் உள்ள உறவையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செப்பும் சொப்பும்

‘செப்பு’ என்னும் சொல் செம்பையும், செம்பு முதலியவற்றால் ஆன சிறு கலத்தையும் குறிக்கும். குங்குமச் செப்பு என்னும் வழக்கு இன்றும் உண்டு. சிறுமியர் வைத்து விளையாடும் சிறு பாத்திரங்களையும் இச்சொல்லே குறித்தது. பேச்சு வழக்கில் அது ‘சொப்பு’ என்றாகி, ‘சொப்புச் சாமான்’ என நிலைபெற்றது. செம்பினால் பெயர் பெற்ற பொருள் பின்னர் மரம், மண், மாக்கல், பித்தளை, இரும்பு எனப் பல பொருள்களாலும் செய்யப்பட்டபோதும் பெயர் மாறவில்லை.

சிறுசோறு ஆக்கி விளையாடுதல் தமிழர்தம் பழைய வழக்கம். பெண்பாற் பிள்ளைத்தமிழுக்குரிய விளையாட்டுகளாகப் பாட்டியல் நூல்கள் கூறுவனவற்றுள் சிற்றில் இழைத்தலும் சிறுசோறு ஆக்கலும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் பொம்மைகள் வைத்து விளையாடியதையும், அவற்றுள் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், அதைக் கண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிரித்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. குழந்தையின் விளையாட்டுப் பொருளை அற்பமெனத் தள்ளாத பண்பு அதில் புலனாகிறது.

சொப்புகளில் மரத்தாலும் மண்ணாலும் ஆனவையே மிகுதி. இரும்பு கனமானது, துருப்பிடிப்பது, காலில் விழுந்தால் காயம் செய்வது. ஆதலின் இரும்புச் சொப்புகள் குறைவாகவே செய்யப்பட்டன. குறைவாக இருந்தமையால் அவற்றின் அழிவும் விரைவாயிற்று. இன்று அவை அரியனவாகக் கருதப்படுவதற்கு இதுவே காரணம்.

அடித்த இரும்பும் வார்த்த இரும்பும்

சேகரிப்பவர் முதலில் அறிய வேண்டியது இரும்பின் இருவகை இயல்பு. முதல் வகை, கொல்லர் உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து உருவாக்கும் இரும்பு. இதில் கரியின் அளவு மிகக் குறைவு. வளையும், எளிதில் உடையாது. இரண்டாவது, முற்றிலும் உருகிய நிலையில் அச்சில் ஊற்றப்படும் வார்ப்பிரும்பு. இதில் கரியின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை இருக்கும். தூய இரும்பு உருக 1538 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். கரி மிகுந்த வார்ப்பிரும்போ ஏறத்தாழ 1150 முதல் 1200 பாகையிலேயே உருகிவிடும். அதனால் வார்ப்பது எளிது. ஆனால் கீழே விழுந்தால் உடையும்.

நம் நாட்டுப் பழைய உலைகளில் தாது உருகி ஓடுவதில்லை. கசடு கலந்த கட்டியாகவே கிடைக்கும். அதனை மீண்டும் காய்ச்சி அடித்தே பொருள்கள் செய்தனர். ஆகவே நம் பாட்டிமார் ஆண்ட பழைய இருப்புச் சட்டிகளுள் பல அடித்த இரும்பால் ஆனவை. சீனர் மிகப் பழங்காலத்திலேயே இரும்பை வார்க்கக் கற்றிருந்தனர். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி என்பவர் 1707ஆம் ஆண்டில் மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1709ஆம் ஆண்டில் கல்கரிக்கோக் கொண்டு இரும்பு உருக்கினார். தொழிற்புரட்சியின் தொடக்கங்களுள் ஒன்று சமையற்பானையில் அமைந்தது என்பது மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

சிறிய பொருளை வார்ப்பது எளிது என எண்ணுதல் தவறு. சுவர் மெல்லியதாக இருந்தால் உருகிய இரும்பு அச்சின் மூலைகளைச் சென்று சேருமுன் குளிர்ந்துவிடும். விரைந்து குளிர்ந்த இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சட்டியைக் கைப்பிடியோடும் மூக்கோடும் பிசிறின்றி வார்த்தவர், பெரிய சட்டி வார்ப்பவரினும் திறனில் குறைந்தவர் அல்லர்.

நம் மண்ணின் இரும்பு

எடப்பாடிக்கு மேற்கே காவிரி ஓடுகிறது. வடக்கே மேட்டூர், கிழக்கே சேலம் செல்லும் திசையில் கஞ்சமலை. இந்நிலப்பரப்பு இரும்போடு நெடுங்கால உறவு கொண்டது. மேட்டூர் வட்டாரத்து மாங்காட்டில் கிடைத்த இரும்புப் பொருளின் காலம் கி.மு. 1604-1416 எனக் கணிக்கப்பட்டுள்ளது. கிருட்டினகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளியிடப்பட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையின் சான்றுகளைக் கொண்டு அதனைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்கே கொண்டு செல்கிறது. இக்காலக் கணிப்புகள் பற்றி அறிஞரிடையே ஆய்வுரைகள் தொடர்கின்றன. நொய்யற்கரைக் கொடுமணலில் இரும்பும் உருக்கும் செய்த உலைகள் அகழாய்வில் வெளிப்பட்டன.

இந்திய உருக்கு கடல் கடந்து அரபு நாடுகளுக்குச் சென்றது. இந்திய இரும்பால் ஆன வாளை அரபு மொழியில் ‘முஹன்னத்’ என்பர். கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன்னிலையில் பாடிய ‘பானத் சுஆத்’ என்னும் புகழ்பெற்ற கவிதையிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. வாளுக்கு இத்தகைய பாடல் வாய்த்தது, சட்டிக்கு வாய்க்கவில்லை.

கஞ்சமலையின் தாது காந்த இரும்புத் தாது எனப்படும் உயர்வகையைச் சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த சோசையா மார்சல் ஹீத் என்பவர் சேலம் பகுதித் தாதின் உயர்வை உணர்ந்து, 1830ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். மஹ்மூது பந்தர் எனவும் வழங்கப்பெறும் அக்கடற்கரை ஊருக்குச் சேலத்துத் தாது சென்றது. 1853ஆம் ஆண்டில் தோன்றிய கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி காவிரிக்கரையிலும் ஓர் ஊதுலையை எழுப்பியது. ஆயினும் இவ்வாலைகள் அனைத்தும் மரக்கரியை நம்பியவை. காடுகள் குறையக் குறையக் கரி கிடைப்பது அரிதாயிற்று. ஐரோப்பிய இரும்போ மலிவாக வந்து இறங்கியது. 1866ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டை ஆலையும் மூடப்பட்டது. மலிவு இரும்பின் முன் சிற்றூர் உலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன.

இத்தகைய வரலாற்றுக்கு நம் வீடுகளில் எஞ்சியுள்ள சான்று யாது? வாள்கள் இல்லை, உலைகள் இல்லை. பரணில் கிடக்கும் பழைய சட்டியும், கரண்டியும், எங்கோ ஒன்றிரண்டு சொப்புகளுமே எஞ்சியுள்ளன.

அடுப்படியிலிருந்து காயலான் கடைக்கு

இரும்பு அடுப்படியிலிருந்து படிப்படியாக வெளியேறியது. சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898ஆம் ஆண்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எவர்சில்வர் வந்தது. இரும்புத் தாது விளைந்த கஞ்சமலையின் அருகிலேயே அமைந்த சேலம் உருக்காலை, 1981-82ஆம் ஆண்டளவில் உற்பத்தியைத் தொடங்கித் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைத் தந்தது. இரும்பின் ஊரே இரும்புச் சட்டிக்கு மாற்றையும் அளித்தது எனலாம். பின்னர் ஒட்டாத பூச்சுப் பாத்திரங்கள் வந்தன. அண்மைக் காலத்தில் உடல்நலம் கருதி வார்ப்பிரும்புத் தோசைக்கல்லையும் பணியாரச் சட்டியையும் மக்கள் மீண்டும் நாடுகின்றனர். ஆனால் இடைப்பட்ட காலத்தில் பழையவை பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

அக்கடையை நாம் ‘காயலான் கடை’ என்கிறோம். காயல்பட்டினத்தார் பழைய பொருள்களை வாங்கி விற்ற கடைகளால் ஏற்பட்ட பெயர் இது என்பது பலரும் கூறும் விளக்கம். காயலான் கடைக்காரர் பொருளை அழிப்பவர் அல்லர்; நாம் வேண்டாமென்று எறிந்ததற்கு மறுபிறவி தருபவர். ஆனால் அவர் தராசுக்கு எடைதான் தெரியும், வயது தெரியாது. நூறாண்டுச் சொப்பும் நேற்றைய ஆணியும் அங்கே ஒரே விலை. உருக்காலைக்குச் செல்லுமுன் அவ்விரண்டையும் வேறுபடுத்தும் கண் யாருக்கேனும் இருக்க வேண்டும். அக்கண்ணை உடையவரே சேகரிப்பாளர்.

சேகரிப்பின் இலக்கணம்

இத்துறை அமெரிக்க நாட்டில் முறையாக வளர்ந்துள்ளது. பென்சில்வேனியா மாநிலம் ஈரி நகரில் 1865ஆம் ஆண்டு தொடங்கி 1957ஆம் ஆண்டு வரை இயங்கிய க்ரிஸ்வோல்டு, ஓகையோ மாநிலம் சிட்னி நகரில் 1891ஆம் ஆண்டில் தொடங்கிய வாக்னர் ஆகிய நிறுவனங்களின் வார்ப்பிரும்புச் சட்டிகளை ஆங்குள்ளோர் தேடித் தொகுக்கின்றனர். பெரிய சட்டிகளைப் போலவே நான்கு அங்குல அகலமே உள்ள சிறு சட்டிகளுக்கும், விளையாட்டு அடுப்புகளுக்கும், மூடியிட்ட சிறு கெண்டிகளுக்கும் அங்கே பெருமதிப்பு உண்டு.

சிறுகலன் அனைத்தும் விளையாட்டுப் பொருள் அன்று. அவற்றை மூவகையாகப் பிரித்து நோக்குதல் வேண்டும். முதலாவது, குழந்தைக்கென்றே செய்யப்பட்ட சொப்பு. இரண்டாவது, விற்பனையாளர் கடைகடையாக எடுத்துச் சென்று காட்டிய மாதிரி. மூன்றாவது, அளவில் சிறியதாயினும் உண்மையான சமையலுக்கு உதவியது. நம் தாளிப்புக் கரண்டியும், மூன்று குழியே உடைய பணியாரச் சட்டியும் மூன்றாம் வகையின. அடியில் கரி ஏறியுள்ளதா, உட்புறம் எண்ணெய் படிந்து கறுத்துள்ளதா, கரண்டி பட்டுத் தேய்ந்த தடம் உண்டா என நோக்கினால் வகை விளங்கும்.

அடித்ததா, வார்த்ததா என்பதை அறியவும் வழியுண்டு. அடித்த கலத்தில் சுத்தியல் தடம் தெரியும். தடிப்பு இடத்திற்கு இடம் வேறுபடும். காதுகள் தனியே செய்து தறைந்து பொருத்தப்பட்டிருக்கும். வார்த்த கலத்தில் கைப்பிடியும் உடலும் ஒன்றாகவே இருக்கும். அச்சின் இரு பகுதிகள் கூடிய கோடு ஓரத்தில் தெரியும். காந்தம் ஒட்டாவிடில் அது இரும்பே அன்று; கறுப்புப் பூசிய அலுமினியமாகவோ பித்தளையாகவோ இருக்கக்கூடும். விரலால் சுண்டினால் விரிசலற்ற கலம் மணிபோல் ஒலிக்கும். விரிசலுற்றது மந்தமாக ஒலிக்கும்.

போலிகளை இனங்காண்பதற்கு ஓர் அறிவியல் உண்மை துணைபுரிகிறது. உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது அடிக்கு ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும். பழைய சொப்பு ஒன்றையே மாதிரியாக மணலில் பதித்து இன்று நகல் வார்த்தால், அந்நகல் மூலத்தினும் நூற்றுக்கு ஒரு பங்கு சிறியதாகவே அமையும். நான்கு அங்குலச் சட்டியில் இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குப் புலப்படாத இதனைக் கருவி காட்டிவிடும். அன்றியும் நகலின் மேற்பரப்பு பெரும்பாலும் சொரசொரப்பாகவும், எழுத்துகள் மழுங்கியும், ஓரங்களில் சாணைத் தடத்தோடும் காணப்படும்.

தமிழ்நாட்டில் பழைய வீட்டுப் பொருள்களை நாடுவோர் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் கடைகளுக்குச் செல்கின்றனர். நம் வட்டாரத்தார் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எடப்பாடி, கொங்கணாபுரம், சங்ககிரி, பூலாம்பட்டி ஆகிய ஊர்களின் பழைய வீட்டுப் பரண்களிலும் கொல்லர் பட்டறைகளிலும் வாரச் சந்தைகளிலும் தேடத் தொடங்குதலே முறை.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருள்கள் தொல்பொருள் என்னும் வரையறைக்குள் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டிற்கு ஏற்றுமதி செய்தல் குற்றமாகும். பழைய ஈமக்காடுகளையும் மேடுகளையும் தோண்டிப் பொருள் எடுத்தல் சேகரிப்பு ஆகாது. வரலாற்றை அழித்தலே ஆகும்.

துரு நீக்கலும் பழக்குதலும்

கிடைத்த கலத்தைச் சாணைக்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்குவது பெரும்பிழை. சுத்தியல் தடம், அச்சின் கோடு, தேய்மானம் ஆகிய சான்றுகள் யாவும் அதனால் அழிந்துபோகும். நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சுவதும் தீது. மெல்லிய வார்ப்பு வளைந்தோ வெடித்தோ போகும்.

நம் பெண்டிர் கண்ட முறையே சிறந்தது. வடிகஞ்சியிலோ அரிசி களைந்த நீரிலோ கலத்தை ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றித் தேங்காய் நாரால் தேய்த்துவர, துரு மெல்லக் கழன்றுவிடும். புளித்த நீரின் மென்மையான அமிலம் துருவை இளக்குவதே இதற்குக் காரணம். பின்னர் ஈரம் போகச் சூடேற்றி, எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மீண்டும் சூடேற்ற வேண்டும். வெப்பத்தில் எண்ணெய் இறுகி, இரும்போடு ஒட்டிய கரும்படலமாக மாறும். இதனைப் பலமுறை செய்வதையே ‘கல்லைப் பழக்குதல்’ என்கிறோம். இரும்பையும் பழக வேண்டிய ஓர் உயிராகக் கருதிய நம் மொழியின் நயம் இச்சொல்லில் விளங்குகிறது.

ஓர் எச்சரிக்கை. பழைய சிறு கரண்டிகளிலும் கிண்ணங்களிலும் காரீயம் உருக்கியிருக்கக் கூடும். காரீயம் நஞ்சு. ஆகவே வரலாறு தெரியாத பழைய கலத்தில் சமைத்தலும், அதைக் குழந்தையிடம் விளையாடக் கொடுத்தலும் கூடாது. அது பார்வைக்கு உரியது, பயன்பாட்டிற்கு உரியதன்று.

சேகரிப்பும் பேராசையும்

இஃது ஒருவகைப் பொருளாசை அன்றோ என மார்க்கப் பற்றுள்ள பெரியோர் வினவலாம். அவ்வினா நியாயமானது. திருக்குர்ஆனின் 102ஆம் அத்தியாயமான ‘அத்தகாஸுர்’, பெருக்கிக் காட்டும் போட்டியில் மனிதன் மூழ்கிப்போவதைக் கண்டிக்கிறது. எண்ணிக்கைக்காகவும் பெருமைக்காகவும் பூட்டிவைக்கும் சேகரிப்பு அக்கண்டனத்திற்கு உரியதே. ஏழை மூதாட்டி ஒருத்தியின் அறியாமையைப் பயன்படுத்தி அரும்பொருளை எடை விலைக்கு வாங்குவது வணிக நேர்மைக்கும் ஒவ்வாது. பொருளின் மதிப்பைச் சொல்லி, மனமொப்பிக் கொடுத்தால் பெறுவதே முறை.

ஆனால் பிறர் அறியும்பொருட்டுத் தொகுப்பது வேறு. புனே நகரில் தினகர் கேல்கர் என்பார், ஏறத்தாழ 1920 முதல் விளக்கு, பாக்குவெட்டி, சமையற்கலம் முதலிய அன்றாடப் பொருள்களைத் தொகுத்து, பின்னர் அவற்றை மராட்டிய அரசிடம் ஒப்படைத்தார். இளமையில் இறந்த தம் மகன் ராஜாவின் பெயரையே அக்காட்சியகத்திற்குச் சூட்டினார். அகமதாபாத்தில் 1981ஆம் ஆண்டு முதல் பாத்திரங்களுக்கென்றே ‘விசார்’ என்னும் காட்சியகம் இயங்குகிறது. 1996ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னாட்டு வீடுகளையும் வீட்டுப் பொருள்களையும் காத்து வருகிறது. இவையெல்லாம் தனிமனிதரின் ஆர்வம் பொதுச் சொத்தாக மாறியதற்குச் சான்றுகள்.

எழுதிவைத்தலே சேகரிப்பின் உயிர்

பெயரும் ஊரும் தெரியாத ஒரு சொப்பு வெறும் இரும்புத் துண்டே. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை வேண்டும். பொருளின் பெயர், அகலமும் உயரமும், எடை, அடித்ததா வார்த்ததா என்னும் குறிப்பு, கிடைத்த ஊர், அது பயன்பட்ட விதம், கூறியவர் யார், கூறிய நாள் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். பெயரைக் கேட்டவாறே எழுதுதல் தமிழ் மாணவரின் தனிக்கடமை. ஒருவர் வாணலி என்பார். ஒருவர் வடைச்சட்டி என்பார். மற்றொருவர் இருப்புச் சட்டி என்பார். சட்டுவம், தோசைத்திருப்பி எனக் கரண்டிக்கும் பெயர்கள் பல. நம் இல்லங்களில் தேக்சா, சஹன் என்னும் சொற்களும் புழங்குகின்றன. இவற்றுள் ஒன்றைச் சரியென்றும் பிறவற்றைப் பிழையென்றும் கொள்ளாது அனைத்தையும் பதிவு செய்தால், வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றுக்கு அதுவே அடித்தளமாகும்.

பொருள் துருப்பிடிக்க நூறாண்டு ஆகலாம். அதன் பெயரும் செய்திகளும் அவற்றை அறிந்த மூதாட்டியோடு ஒரே நாளில் மறைந்துவிடும். ஆகவே பரணில் ஏறுமுன் பாட்டியிடம் கேட்டல் வேண்டும். பட்டறையில் இன்றும் சம்மட்டி பிடிக்கும் முதியவரிடம் அமர்ந்து, உலை, துருத்தி, குறடு, பட்டடைக்கல் ஆகியவற்றின் உறுப்புப் பெயர்களைக் கேட்டு எழுதுதல் வேண்டும்.

முடிவுரை

இதற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. தமிழ்த்துறையில் ஓர் அலமாரியும், மாணவர் ஒருவருக்கு ஓர் அட்டையும் போதும். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள ஒரு பழைய இரும்புக் கலத்தை அளந்து, வரைந்து, அதன் செய்தியைக் கேட்டு எழுதிவந்தால், மூன்றாண்டுகளில் எடப்பாடி வட்டார இரும்புப் புழங்குபொருள்கள் பற்றிய நல்லதொரு தொகுப்பு உருவாகிவிடும். பொருளை உரியவரே வைத்துக்கொள்ளட்டும். செய்தி நமக்குப் போதும். சமுதாயப் பெரியோர் தம் இல்லத்துப் பரண்களை மாணவர்க்குத் திறந்துவிட்டு, அவர்கள் கேட்கும் வினாக்களுக்குப் பொறுமையோடு விடை கூற வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

இரும்பில் மக்களுக்குப் பயன்களை வைத்த இறைவன், அப்பயன்களைக் கண்டறிந்து கலமாக்கிய கைகளையும் நாம் மறவாதிருக்க அருள்புரிவானாக.